இரண்டாவது கேஸ்

இராஜசிங்கத்தை யாராவது தேடினால் அவருக்கு முதலில் வருவது சந்தேகம். சந்தோசம் பிறகு வரும், வந்தால். அன்றைக்கும் அப்படித்தான். சுவிசில், பீல் நகரத்து மணிக்கூட்டுத் தொழிற்சாலை வேலை முடிந்து வந்து சப்பாத்துக்கூடக் கழற்றவில்லை, தொலைபேசி அடித்தது. துன் நகரத்திலிருந்து பெர்னடெற்.

“அண்ணை, இவர் உங்களைக் காண வேணுமாம். தனியக் கதைக்கிற விசயமாம். ஞாயிறு வருவியளோ?”

“என்ன விசயம்?”

“என்னட்டைக் கேளாதேங்கோ. அவரே சொல்லட்டும்.”

அவ்வளவுதான், வைத்துவிட்டாள். இராஜசிங்கத்துக்கு இது போதாதா? அவளுடைய புருசன் டெஸ்மன்ட் இரண்டு வருசமாக நோயில் விழுந்த வருத்தக்காரன். வருத்தக்காரர் ஆட்களைக் கூப்பிடுவது வழமைதான், சரி. ஆனால் எதற்குத் தனியாக? நத்தாருக்கு நத்தார் ஒரு வாழ்த்து மட்டை போடுகிறவனுக்கு நவம்பரில் என்ன தலைபோகிற கதை? அந்தப் பிள்ளை ஏன் விழுங்கி விழுங்கிப் பேசினாள்? இராஜசிங்கம் மூன்று நாள் இதையே போட்டு உருட்டினார்.

மனுசன் இப்படி ஆனதற்குக் காரணம் இல்லாமல் இல்லை. ஊரில் அவர் நீதிமன்ற எழுதுவினைஞர். சுவிசுக்கு வந்த புதிதில், எண்பத்தாறிலிருந்து ஆறேழு வருசம், அகதியாக வந்த பெடியளுக்கெல்லாம் கேஸ் எழுதிக் கொடுத்தவர் அவர்தான். விசாரணைக்குப் போகுமுன் என்ன சொல்லவேண்டும், எதைச் சொல்லக்கூடாது, எந்தத் திகதியில் எந்த முகாமில் யார் அடித்தது, எல்லாம் இராஜசிங்கத்தின் கையெழுத்தில் இருக்கும். மனப்பாடம் பண்ணவேண்டும். இரவில் எழுப்பிக் கேட்டாலும் திகதி பிசகக்கூடாது. அதிகாரிகள் நம்புவது உடம்பில் இருக்கிற காயத்தைத்தான் என்று அவர் வந்த ஆறாம் மாதமே கண்டுபிடித்துவிட்டார். அவர் எழுதிய கேசுகளில் அடி வாங்காதவன் ஒருவனும் இல்லை. உண்மையிலேயே அடி வாங்கி வந்தவர்களின் கதையைக்கூட அவர் கொஞ்சம் திருத்தித்தான் அனுப்பினார்.

அதன் விளைவு என்னவென்றால், இராஜசிங்கத்தால் இப்போது ஒருவருடைய துன்பத்தையும் நம்ப முடிவதில்லை. யாராவது வந்து கண்ணைக் கசக்கினால் போதும், ‘இதிலே எத்தனை வீதம் மெய்?’ என்று உள்ளே ஒரு கணக்கப்பிள்ளை கேட்கத் தொடங்கிவிடுவான். செத்த வீட்டில் ஒப்பாரி வைக்கிற பெண்களைக்கூட அவர் ஓரக்கண்ணால் பார்ப்பார். அப்படி ஒரு பிறவி.

டெஸ்மன்டின் கேசும் அவர் எழுதியதுதான். மன்னார்ப் பக்கத்துப் பிள்ளை, எண்பத்தெட்டில் மனுசியையும் மூன்று வயதுப் பெண் குழந்தையையும் கூட்டிக்கொண்டு வந்தவன். “ஏன் வந்தனீர்?” என்று கேட்டதற்கு, “பயமாய் இருந்தது அண்ணை” என்றான். அதற்குமேல் அவனிடம் ஒன்றும் இல்லை. “பயத்துக்கு ஒருத்தரும் விசா குத்தமாட்டாங்கள்” என்று இராஜசிங்கம் சலித்துக்கொண்டார். பிறகு போட்டிருந்த சேட்டைக் கழற்றச் சொன்னார். முதுகில் ஒரு சாண் நீளத் தழும்பு இருந்தது. சின்ன வயதில் வள்ளத்திலிருந்து வழுக்கி விழுந்தபோது ஆணி கிழித்ததாம். இராஜசிங்கத்தின் முகம் அப்போதுதான் மலர்ந்தது. வள்ளத்தின் ஆணி அன்றைக்கே இராணுவ முகாமின் இரும்புக் கம்பியாக மாறியது. பதினொரு நாள் முகாம், தலைகீழாகக் கட்டித் தூக்கியது, கம்பியால் அடித்தது. துன்னில் டொக்டர் வூத்ரிச் என்கிற குடும்ப வைத்தியர் தழும்பைப் பார்த்துவிட்டு, இது அப்படியொரு அடியால் வந்திருக்கக்கூடியதே என்று கடிதமும் கொடுத்தார். டெஸ்மன்டுக்கு இருக்க அனுமதி கிடைத்தது. ஏரிக்கரை ஹோட்டலின் குசினியில் சமையல் வேலையும் கிடைத்தது. இரண்டாவது மகள் அங்கேதான் பிறந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை பேர்னில் ரயில் மாறித் துன் போய்ச் சேரும்வரை சன்னலுக்கு வெளியே ஒரே பனிப்புகார். வெளிநாட்டவர் பொலிசு பழைய கேசுகளைத் தோண்டுகிறது என்று போன மாதம் யாரோ சொன்னது இராஜசிங்கத்துக்குத் துன் போகிற அந்த வண்டியில்தான் ஞாபகத்துக்கு வரவேண்டுமா? வந்தது. தன்னைப் பேசவைத்து யாராவது பதிவு செய்யப்போகிறார்களோ என்றுகூட நினைத்தார். இறங்கித் திரும்பிப் போய்விடலாம் என்று இரண்டு தரம் எழும்பி, இரண்டு தரம் இருந்தார்.

பெர்னடெற் கதவைத் திறந்தாள். மேற்சட்டை போட்டு, பிள்ளைகளையும் வெளிக்கிடுத்தி, பூசைக்குத் தயாராக நின்றாள்.

“இருங்கோ அண்ணை. நாங்கள் கோயிலுக்குப் போட்டு வாறம். தேத்தண்ணி போத்திலிலை கிடக்கு, அவருக்கு உறிஞ்சு குழாயாலை குடுங்கோ.”

அவர் முகத்தை அவள் பார்க்கவில்லை. இராஜசிங்கம் அதையும் குறித்துக்கொண்டார்.

டெஸ்மன்ட் சன்னலடியில் சக்கர நாற்காலியில் இருந்தான். நாற்பத்திமூன்று வயது. தசைகளை ஆட்டுவிக்கிற நரம்புகள் ஒவ்வொன்றாகச் சாகிற நோய். முதலில் குசினியில் கத்தி கைநழுவி விழுந்தது, பிறகு கால் போனது, இப்போது இரண்டு கையும் மடியில் வைத்தபடியே கிடந்தன. நாக்கும் தடித்துவிட்டது. வாய் நிறையச் சோற்றை வைத்துக்கொண்டு பேசுகிற மாதிரித்தான் பேச்சு வந்தது. தமிழ் ஆட்களுக்குக் காது பழகினால் விளங்கும், அவனுடைய ஜேர்மன் இனி எந்த வெள்ளைக்கும் விளங்காது. மூளைக்கு மட்டும் ஒரு குறையும் இல்லை.

“அண்ணை, சுத்தி வளைக்கேல்லை. நான் சாகப்போறன்.”

“உதென்ன கதை. எல்லாரும்தான்…”

“அப்பிடியில்லை. நாள் குறிச்சு.”

இந்த நாட்டில் அதற்கென்று ஒரு சங்கம் இருக்கிறது, தெரியுமோ என்று கேட்டான். சட்டத்துக்கு உட்பட்டதுதான். தீராத நோய்க்காரர், தாங்க முடியாத துன்பத்தில் இருப்பவர், தன் புத்தியில் தானே கேட்டால், சாக உதவி செய்வார்கள். சங்கத்துப் பெண் ஒருத்தி மூன்று தரம் வீட்டுக்கு வந்து பேசிவிட்டுப் போயிருக்கிறாள். ஆனால் மருந்துக்கு ஒரு வைத்தியர் எழுதித் தரவேண்டும். அந்த இடத்தில்தான் முட்டிக்கொண்டு நிற்கிறது. வூத்ரிச் மாட்டேன் என்கிறார்.

“ஏனாம்?”

“முகாமாலை.”

“எந்த முகாம்?”

“நீங்கள் எழுதின முகாம்.”

வீட்டில் ஒருவரும் இல்லை என்று தெரிந்தும் இராஜசிங்கம் அறைக் கதவைச் சாத்திவிட்டு வந்து இருந்தார். டெஸ்மன்ட் மூச்சு வாங்கி வாங்கி மிச்சத்தைச் சொன்னான். டொக்டருடைய கோப்பில் முதற் பக்கத்திலேயே அவன் சித்திரவதைப்பட்டவன் என்று இருக்கிறதாம். ‘உன்னைச் சாகச் சொல்வது இந்த நோயல்ல, அந்தப் பதினொரு நாள், கட்டிப்போட்டு வைத்த ஆளுக்கு அசைய முடியாமல் போனால் பழையது திரும்பி வரும், முதலில் மனநோய் வைத்தியரிடம் போ’ என்கிறாராம். போயிருக்கிறான். ஐந்து மாதமாக அந்த வைத்தியர் ஒரு மொழிபெயர்ப்பாளரை வைத்து முகாமைப் பற்றியே கேட்டுக்கொண்டிருக்கிறார்.

“நான் முகாமைக் கண்ணாலையும் காணேல்லை அண்ணை. என்னத்தைச் சொல்லுறது? ஒருநாள் ‘எப்பிடிக் கட்டினவங்கள்?’ எண்டு கேட்டார். எனக்குச் சிரிப்பு வந்திட்டுது. சிரிச்சதையும் எழுதிப்போட்டார்.”

“இப்ப என்னை என்ன செய்யச் சொல்லுறீர்?”

“வந்து, அது பொய் எண்டு சொல்லுங்கோ. நான் சொன்னால் மறைக்கிறன் எண்டு நினைக்கிறார். எழுதின ஆள் சொன்னால் நம்புவார்.”

இதைத்தான் எதிர்பார்த்தேன் என்று இராஜசிங்கத்தின் உள்ளே இருந்த கணக்கப்பிள்ளை துள்ளினான். யார் இவனுக்கு இதைச் சொல்லிக் கொடுத்தது? பொய் என்று சொன்னால் விசா போகும். இவன் செத்துப்போவான், பெர்னடெற்றும் இரண்டு பிள்ளைகளும் விமானத்தில் ஏறவேண்டும். எழுதியவனையும் சும்மா விடுவார்களா? வூத்ரிச் மற்றப் பக்கத்தால் பொலிசுக்குத் தொலைபேசி எடுக்கமாட்டார் என்பதற்கு யார் பொறுப்பு?

“விசர்க்கதை கதையாதையும். டொக்டர் வெளியிலை சொல்லக்கூடாது எண்டு சட்டம் இருக்கெண்டு சொல்லுவீர். சட்டம் இருக்கும். வாயும் இருக்கு.”

டெஸ்மன்ட் அவரையே பார்த்துக்கொண்டிருந்தான். அசைய முடியாதவனின் பார்வை, தப்பிப் போக இடம் விடாது. இராஜசிங்கம் எழும்பி சன்னலால் வெளியே பார்த்தார். கடைசியில் அவருக்குத் தெரிந்த ஒரே தொழிலுக்கு வந்துசேர்ந்தார்.

“பழசைக் கிளறாமலே செய்யலாம். முகாமை விட நோய் பெரிசு எண்டு காட்டினால் காணும். அப்பிடி ஒரு கேஸ் நான் எழுதித் தாறன். சொல்லும், உமக்கு எது தாங்கேலாமல் கிடக்கு?”

காகிதத்தை எடுத்துக்கொண்டு கதிரையில் இருந்தார். டெஸ்மன்ட் யோசித்தான்.

“எல்லாற்றை முகத்தையும் பாத்துக்கொண்டிருக்கிறன்.”

“அது என்ன?”

“பெர்னடெற் என்னைக் கழுவேக்கை முகத்தைப் பாப்பன். சுளிக்கிறாளோ எண்டு. பெருமூச்சு விட்டால், என்னாலையோ, வேறை என்னத்தாலையோ எண்டு…”

“காணாது” என்றார் இராஜசிங்கம். “உதை ஒரு டொக்டரும் எழுதமாட்டான். நோ, உளைவு இல்லையோ? மூச்சு முட்டுறேல்லையோ?”

“முட்டும். இடைக்கிடை. அதுக்கு மருந்து கிடக்கு.”

“மருந்து இருக்கெண்டு சொல்லக்கூடாது.”

ஒரு மணித்தியாலத்தில் கேஸ் தயார். ஒக்டோபர் பதினாலு, முதல் தரம் மூச்சுத் திணறியது, விடிய நாலு மணிவரை. இருபத்திரண்டு, சாப்பாடு புரைக்கேறி நினைவு தப்பியது. நவம்பர் மூன்றிலிருந்து தொடையில் இடைவிடாத நோ. வரிசை வரிசையாக, ஒவ்வொன்றும் முந்தியதைவிடப் பெரிதாக. டெஸ்மன்ட் பிள்ளை பாடம் ஒப்புவிப்பது போல் மூன்று தரம் சொன்னான். சும்மா சொல்லக்கூடாது, நல்ல கேஸ்தான். ஆனால் சொல்லி முடித்தபோது அவன் முகத்தில் பத்து வருசத்துக்கு முன் முகாம் கதையை ஒப்புவித்தபோது இருந்த அதே களைப்பு இருந்தது. இராஜசிங்கம் அதைப் பார்க்காதது போல் இருந்துவிட்டார்.

பூசை முடிந்து வந்த பெர்னடெற் குசினியில் அவருக்குச் சோறு போட்டாள். இராஜசிங்கம் மெல்லத் தூண்டிலைப் போட்டார்.

“தங்கச்சி, உமக்கு இது சம்மதமோ?”

“என்ரை சம்மதத்தை ஆர் கேட்டது? சாவான பாவம் எண்டு சுவாமியார் சொல்லுறார். நானும் அப்பிடித்தான் நினைக்கிறன்.”

“பாரமாய்த்தான் இருக்கும், என்ன? தனி மனுசி…”

அவள் அகப்பையை வைத்துவிட்டு அன்றைக்கு முதற்தரம் அவரை நேராகப் பார்த்தாள்.

“விளங்குது அண்ணை நீங்கள் எங்கை வாறியள் எண்டு. அவரைக் கழுவித் துடைக்கிறது எனக்குப் பாரமில்லை. கழுவி முடியுமட்டும் என்ரை முகத்தையே பாத்துக்கொண்டிருக்கிறார். சிரிச்சால் நடிக்கிறன் எண்டு நினைக்கிறார். சிரிக்காட்டில் அலுத்துப்போனன் எண்டு நினைக்கிறார். எந்த முகத்தை வைச்சிருக்கிறது எண்டு எனக்குத் தெரியேல்லை. இழுத்துப் பிடிக்கவும் மாட்டன், தள்ளிவிடவும் மாட்டன். டொக்டரிட்டை நீங்கள்தான் கூட்டிக்கொண்டு போகவேணும்.”

இராஜசிங்கம் சோற்றைப் பாதியில் விட்டு எழும்பினார். ஆனாலும் ரயிலில், ‘முன்கூட்டியே யோசித்து வைத்த பதிலோ?’ என்று ஒரு தரம் நினைக்கத்தான் செய்தார். திருந்துகிற சென்மமா?

வியாழக்கிழமை பின்னேரம் வூத்ரிச்சின் அறையில் மூவரும் இருந்தார்கள். டொக்டர் அறுபதை நெருங்குகிற நெட்டை மனிதர், கம்பளிச் சட்டை, மேசையில் தடித்த கோப்பு. இராஜசிங்கம் மொழிபெயர்க்க வந்த குடும்ப நண்பர் என்று தன்னை அறிமுகப்படுத்தினார். டெஸ்மன்ட் பாடத்தைத் தொடங்கினான். அவன் ஒரு வசனம் சொல்ல, இவர் அதைச் செப்பமான ஜேர்மனில் சொன்னார். குசினி ஜேர்மன் மட்டும் தெரிந்த டெஸ்மன்டுக்கு இந்தப் புத்தக ஜேர்மன் எட்டாது என்பது அவர் எண்ணம். தேவைப்பட்ட இடத்தில் நோவைக் கொஞ்சம் கூட்டியும் விட்டார்.

டொக்டர் பேனாவைத் தொடவே இல்லை. முடியும்வரை கேட்டார். பிறகு கோப்பைப் புரட்டினார்.

“ஒக்டோபர் பதினாலு இரவு விடியும்வரை மூச்சுத் திணறியது. அப்படித்தானே? பதினைந்தாம் திகதி காலை ஒன்பது மணிக்கு நான் இவர் வீட்டுக்குப் போயிருக்கிறேன். நன்றாக நித்திரை கொண்டேன் என்று சொல்லியிருக்கிறார். மனைவி சொல்லச் சொல்ல நான் எழுதியிருக்கிறேன்.”

இராஜசிங்கம் தன் கேஸ் எழுதுகிற தொழிலில் முதல் தடவையாகத் திகதியில் மாட்டினார்.

“முப்பது வருசமாக நோயாளிகளைக் கேட்கிறேன்” என்றார் டொக்டர். “சாக வேண்டும் என்கிறவர்கள் இப்படி வரிசையாகப் பேசுவதில்லை. ஒன்றைத் தொடங்கி வேறொன்றில் விழுவார்கள். இது யாரோ எழுதிக் கொடுத்தது.” கண்ணாடியைக் கழற்றிவிட்டு இராஜசிங்கத்தைப் பார்த்தார். “நீங்கள் இவருக்கு என்ன உறவு? இவர் செத்தால் யாருக்கு நல்லது? மனைவியா உங்களை அனுப்பினார்?”

உலகத்தையே சந்தேகித்த மனுசனை ஒருவரும் இப்படி நேருக்கு நேர் சந்தேகித்ததில்லை. ஒருவனைச் சாகத் தள்ளுகிறவன் என்று பெயர் கேட்பதற்கா ரயில் ஏறி வந்தார்? கோபம் வந்தது. கோபத்துக்குப் பின்னால் வெட்கம் வந்தது. குசினியில் அந்தப் பெண்ணிடம் தான் கேட்டதும் இதே கேள்விதானே.

“பதில் இல்லையென்றால் நான் ஆஸ்பத்திரியிலிருந்து வேறு மொழிபெயர்ப்பாளரைக் கூப்பிடுவேன். இந்த மனிதரை யாரோ நெருக்குகிறார்கள் என்றும் கோப்பில் எழுதுவேன். எழுதினால் அதற்குப் பிறகு எந்த வைத்தியரும் இவருக்குக் கையெழுத்து வைக்கமாட்டார். சங்கமும் தொடாது.”

அவர் தொலைபேசியில் கை வைத்தார். இராஜசிங்கம் டெஸ்மன்டைப் பார்த்தார். டெஸ்மன்ட் கெஞ்சவில்லை, தலையையும் ஆட்டவில்லை, ஆட்ட முடிந்தால்தானே. பேசாமல் அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

“நான்தான் எழுதினேன்” என்றார் இராஜசிங்கம். “இதையும் எழுதினேன். அதையும் எழுதினேன்.”

“எதை?”

“முகாமை.”

சொல்லத் தொடங்கிய பிறகு நிற்பாட்ட முடியவில்லை. வள்ளம், ஆணி, தழும்பு, பதினொரு நாள், கம்பி எல்லாம் சொன்னார். டெஸ்மன்ட் பயந்துதான் ஓடிவந்தான், அதற்குமேல் ஒன்றும் இல்லை, அந்தப் பயத்தைத் தான் எழுத விடவில்லை என்றார்.

டொக்டர் கோப்பின் அடியில் ஒரு பழைய கடிதத்தைத் தேடி எடுத்தார். அதைத் தன் முன்னால் வைத்து வெகுநேரம் பார்த்தார். காது சிவந்துவிட்டது.

“இது என் கையெழுத்து. ஒரு தரம் உங்கள் கதைக்கு நான் கையெழுத்து வைத்திருக்கிறேன். இப்போது இரண்டாவது தரம் வைக்கச் சொல்லி வந்திருக்கிறீர்கள். அதுவும் எதற்கு!”

“பொலிசுக்குச் சொல்லுவீர்களா?”

“இந்த அறையில் கேட்டதை வெளியில் சொல்ல எனக்குச் சட்டம் இடம் தராது. நீங்கள் நம்பவில்லை, தெரிகிறது.”

“நம்பவில்லைத்தான்.”

“நம்பாமலே சொன்னீர்களா?” என்று டொக்டர் கேட்டார். பிறகு கதிரையை இழுத்துக்கொண்டு வந்து டெஸ்மன்டுக்கு நேரே இருந்தார். கோப்பு மேசையிலேயே கிடந்தது. “கேளுங்கள் இவரை. காகிதத்தில் இல்லாததை. எதைத் தாங்க முடியவில்லை? ஒரு சொல்லையும் நீங்கள் திருத்தக்கூடாது.”

டெஸ்மன்ட் சொன்னான். இராஜசிங்கம் சொல்லுக்குச் சொல் ஜேர்மனில் வைத்தார்.

“முகங்களைப் பாக்கிறன். விடிஞ்சதிலையிருந்து அதுதான் வேலை. பெர்னடெற் அறைக்குள்ளை வரமுதல் வெளியிலை ஒருக்கால் நிக்கிறாள். முகத்தைச் சரிசெய்துபோட்டு வாறாளோ எண்டு யோசிப்பன். பெரியவள் சினேகிதப் பிள்ளையளை வீட்டை கூட்டிக்கொண்டு வாறேல்லை. பரீட்சையாம். மெய்யோ பொய்யோ எண்டு பரீட்சைத் திகதியைச் சின்னவளிட்டைக் கேட்டனான். மெய்தான். எண்டாலும் நம்பேல்லை.”

“எப்போதிலிருந்து?” என்றார் டொக்டர்.

“வைகாசியிலை. இல்லை, அதுக்கு முதலே. சின்னவளின்ரை முதல் நன்மைப் பூசைக்கு முதல்… இல்லை, அண்டைக்கு நான் நல்லாய்த்தான் இருந்தனான். பிறகுதான். தெரியேல்லை.”

பழைய இராஜசிங்கமாக இருந்தால் இந்த இடத்தில் ஒரு திகதியை நட்டு நிமிர்த்தியிருப்பார். ‘தெரியேல்லை’ என்பதையும் அப்படியே சொன்னார். சொல்லும்போதே இது மெய் என்று அவருக்குத் தெரிந்தது. பொய்க் கேசில் ஒருநாளும் திகதி இப்படித் தடுமாறாது.

“சின்னவள் பள்ளிக்கூடத்தாலை வந்தால் கதவடியிலை நிண்டு என்னைப் பாத்திட்டுத்தான் உள்ளை வாறாள். நான் இருக்கிறனோ எண்டு பாக்கிறாளோ, இல்லையோ எண்டு பாக்கிறாளோ. அவளுக்கு ஒன்பது வயசு. என்ரை பிள்ளையை நான் அப்பிடி நினைக்கிறன்.”

இராஜசிங்கம் அதையும் திருத்தாமல் சொன்னார்.

“நாங்கள் நோவைத்தான் கேட்கிறோம்” என்றார் டொக்டர். “நோ எவ்வளவு, மூச்சு எப்படி, நித்திரை எப்படி. அதற்குத்தான் எங்களிடம் மருந்து இருக்கிறது, அதனால் அதைக் கேட்கிறோம். நீங்களும் நாங்கள் கேட்பதையே சொல்லிவிட்டுப் போகிறீர்கள்.” பிறகு முன்னால் குனிந்தார். “ஆனால் இது உண்மையாக இல்லாமல் இருக்கலாமே. மகள் அன்பினால் பார்க்கிறாள் என்று நீங்கள் நினைக்கக்கூடாதா?”

“அன்பிலைதான் பாக்கிறாள். எனக்குத் தெரியும். தெரிஞ்சுகொண்டும் சந்தேகப்படுறன். நான் முந்தி இப்பிடி ஆள் இல்லை. கையும் காலும் போனதைத் தாங்குவன். இந்த ஆளைத் தாங்க ஏலாது.”

இராஜசிங்கத்துக்கு அதை மொழிபெயர்க்க ஒரு நிமிசம் பிடித்தது. நல்ல கையும் காலுமாக, வேலைக்கும் போய் வந்துகொண்டு, இதே ஆளாகத்தான் அவர் இத்தனை வருசமும் சீவித்திருக்கிறார். ஒருநாளும் அதைத் துன்பம் என்று நினைத்ததில்லை. கெட்டித்தனம் என்றுதான் நினைத்தார். டெஸ்மன்டுக்கு ஆறு மாதத்திலேயே செத்துவிடலாம் என்று இருக்கிறது. இராஜசிங்கத்துக்குத் தன்னை நினைக்க அருவருப்பாக இருந்தது.

டொக்டர் எழும்பி சன்னலடிக்குப் போய்த் திரும்பி வந்தார். பிறகு இராஜசிங்கத்தைப் பார்த்து, நீள நீளமான வசனங்களில் புத்தக ஜேர்மனில் பேசினார். இன்னும் இரண்டு தரம் வரவேண்டும். ஒரு தரம் மனைவியோடு. வேறொரு வைத்தியரும் பார்க்கவேண்டும். மனநோய் வைத்தியரிடம் முகாமைப் பற்றி இனிப் பேசவேண்டாம் என்று தானே சொல்லிக்கொள்வார். அதற்குள் இந்த முகம் பார்க்கிற துன்பத்தை மனைவியிடமும் பிள்ளைகளிடமும் வாய் திறந்து சொல்லிப் பார்க்கவேண்டும். “அதற்குப் பிறகும் இதையே கேட்டாரென்றால், நான் எழுதுகிறேன்” என்று முடித்தார்.

இராஜசிங்கம் டெஸ்மன்டின் பக்கம் திரும்பினார்.

“இன்னும் ரெண்டு தரம் வரட்டாம். ஒருக்கால் பெர்னடெற்றோடை. வேறை டொக்டரும் ஒராள் பாப்பாராம். முகாம் கதை இனி இல்லையாம். வீட்டிலை மனம்விட்டுக் கதைக்கட்டாம்.”

அங்கே நின்றுவிட்டார். கடைசி வசனம் மட்டும் மிச்சம். அதைச் சொல்லாமல் விட்டால் என்ன? பொய்கூட இல்லை, ஒரு வசனம் குறைவு, அவ்வளவுதான். இரண்டு தரம் பத்துத் தரமாகும். வைத்தியர்மார் மாறி மாறிப் பார்ப்பார்கள். டெஸ்மன்ட் மாரிகாலத்தைத் தாண்டுவான், சின்னவளின் அடுத்த பிறந்தநாளும் வரும். ஊர் பேர் தெரியாத எத்தனையோ பேரைப் பொய் சொல்லி வாழவைத்த வாய் இது. இவனுக்காக இன்னுமொரு தரம், அதுவும் பொய்யே சொல்லாமல். இராஜசிங்கத்துக்கு ஆசையாக இருந்தது. இப்படி ஒரு ஆசை அவருக்கு எந்தக் கேசிலும் வந்ததில்லை.

டெஸ்மன்ட் காத்திருந்தான்.

“அதுக்குப் பிறகும் நீர் இதையே கேட்டால்” என்றார் இராஜசிங்கம், “எழுதித் தாறாராம்.”

டொக்டர் என்ன நினைப்பார் என்றும் பார்க்காமல் முகத்தைத் துடைத்தார்.

“விளங்கினது அண்ணை” என்றான் டெஸ்மன்ட். ஒவ்வொரு சொல்லாக, மெதுவாக. “அவர் சொல்லேக்கையே விளங்கினது. நீங்கள் சொல்லுறியளோ எண்டுதான் பாத்துக்கொண்டிருந்தனான்.”

மூச்சு எடுக்க நிறுத்தினான்.

“உங்கடை முகத்தை இனி மெய்யோ பொய்யோ எண்டு பாக்கத் தேவையில்லை.”